இருபத்தொன்றாம் வரி

ஜப்பானிலிருந்து அசல் சாமியார் ஒருவர் வரப்போகிறார் என்ற கடிதத்தைச் சங்கத் தலைவர் இசோபே கூட்டத்தில் படித்துக் காட்டியபோது, பிரேசிலின் அகுவா லிம்பா குடியிருப்பில் இருந்த ஜப்பானியர் அத்தனை பேரும் கை தட்டினார்கள். எபாட்டா தொகுஜியும் தட்டினார். தட்டிய கைகள் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

இருபத்து நான்கு வருஷமாக அந்த ஜனங்களின் சாமியார் அவர்தான். சாமியார் என்றால் மொட்டையும் அங்கியும் கிடையாது. முன்பு பருத்தி போட்டார், பிறகு மல்பெரி, இப்போது கோழி. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் ஆள் அனுப்புவார்கள். கோழித் தீவனம் ஒட்டிய கையை முழங்கை வரை கழுவிவிட்டு, இருக்கிற ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அமிதாப புத்தரின் போற்றிப் பாடலை ஓதிவிட்டு வருவார். குரல் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, கல்லும் கரைந்துவிடும்.

அவர்கள் கோபே துறைமுகத்தில் கப்பல் ஏறிய காலத்தில், சாமியார்களை அனுப்பவேண்டாம், போகிற நாடு கத்தோலிக்க நாடு, வீண் வம்பு என்று அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். ஏறியவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறியவர்களெல்லாம் இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை. முன்னோர்களைப் பார்த்துக்கொள்ள ஊரில் மூத்த அண்ணன் இருக்கிறான். ஐந்தே வருஷத்தில் சம்பாதித்துக்கொண்டு திரும்பப்போகிறவனுக்கு மூட்டையில் புத்தர் எதற்கு? மண்வெட்டி வைக்கவே இடம் இல்லை. ஆனால் சாவு அந்த ஐந்து வருஷம் பொறுத்திருக்க ஒப்புக்கொள்ளவில்லை.

வந்து இறங்கிய ஏழாவது மாதம், காப்பித் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளில் குளிர்காய்ச்சல் புகுந்தது. மியாகே வீட்டுப் பையன் ஷிகெருவுக்கு மூன்று வயது. மூன்றே நாளில் போய்விட்டான். அப்பன்காரன் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். அம்மா ஹிசாயே, பையனைத் தன் கல்யாணக் கிமோனோவில் சுற்றி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்காவது ஓதத் தெரியுமாய்யா?" என்று வரிசை வீடு முழுக்கக் கேட்டு அலைந்தவர் இசோபேதான். அப்போது அவர் தலைவர் இல்லை, கால் புண்ணோடு நொண்டிக்கொண்டிருந்த கூலி. தொகுஜி வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க தொயாமா பக்கம்தானே? அந்த ஊர்ல பொறந்த குழந்தை அழுறதே பாட்டாத்தான் அழும்பாங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

தெரியும், ஓரளவு. தொகுஜியின் வீட்டில் விடியற்காலையில் எல்லோரும் உட்கார்ந்து நூற்றிருபது வரியையும் ஓதுவார்கள். சின்ன வயதிலிருந்தே தொகுஜிக்கு இருபதாவது வரியில் தூக்கம் வந்துவிடும். தினமும் இருபது வரி கேட்டார், நூறு வரி தூங்கினார். இதை இசோபேயிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். "பாதிதான் தெரியும்" என்பது இரண்டே வார்த்தை. ஆனால் ஹிசாயே அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் பாதி மனிதனாக நிற்க முடியவில்லை.

ஓத உட்கார்ந்தார். இருபது வரி மழைபோலப் பொழிந்தது. அதோடு நின்றது.

நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நாக்கு எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவியது. அவருடைய அப்பா மருந்து வியாபாரி. தொயாமாவில் அந்தத் தொழில் பிரசித்தம். முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் மருந்து வைத்துவிட்டு வருவார்கள். மகன்களும் அதே தொழிலுக்கு வரவேண்டுமென்று நாற்பது மருந்தின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லவைத்து, ஒன்று தவறினால் மூங்கில் குச்சியால் விரல் முட்டியில் போடுவார். அடித்துச் சொல்லிக்கொடுத்தது மறக்கவே இல்லை. மருந்துப் பெயர்களும் மந்திரத்தைப் போலவே பழைய சீன உச்சரிப்பில்தான் இருக்கும், கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கரடிப்பித்த மாத்திரை, சூடு தணிக்கும் தூள், குழந்தைகளின் பூச்சி மருந்து, சீதபேதிக் குளிகை என்று நாற்பதையும் அதே ராகத்தில், அதே உருக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஓதி முடித்தார். கடைசியில் அமிதாபர் நாமத்தைச் சேர்த்துக்கொண்டார். அது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெண்கள் விம்மினார்கள். இசோபே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க மட்டும் இல்லேன்னா அந்தப் பையனை நாயைப் புதைச்ச மாதிரி புதைச்சிருப்போம்" என்றார்.

அன்று தொகுஜிக்கு வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வெட்கத்தை ஒரு மனிதன் தாங்கிக்கொள்ளலாம். அவசரத்துக்குச் செய்தது, தாய் மனம் ஆறியது, யாருக்கும் கெடுதல் இல்லை. தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. இரண்டாவது சாவுக்கு அவர் என்ன செய்வது? போன தடவை அறுபது வரி ஓதியவர் இந்தத் தடவை இருபதோடு நிறுத்தினால், ஷிகெருவுக்கு ஓதியது என்ன என்று கேள்வி வரும். மறுபடி மருந்து. மூன்றாவதுக்கும் மருந்து. இரண்டு வருஷம் கழித்து ஹிசாயேயின் புருஷன் செத்தபோதும் மருந்து. எல்லோருமாகச் சேர்ந்து அகுவா லிம்பாவில் சொந்த நிலம் வாங்கிக் குடியேறிய பிறகு, பாம்பு கடித்தவனுக்கும், பிரசவத்தில் போனவளுக்கும், மரம் சாய்ந்து நசுங்கியவனுக்கும் அதே நாற்பது மருந்து. போர் முடிந்த அடுத்த வருஷம் தொகுஜியின் மனைவி ஃபுமி இறந்தாள். அவளுக்கும், ஊரே கூடியிருக்க, பூச்சி மருந்தைத்தான் ஓதினார். தன் பெண்டாட்டிக்காகக்கூட மாற்றத் துணியவில்லையே என்று அன்று கோழிக்கொட்டகைக்குள் போய்த் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டார். ஆனால் அடுத்த சாவுக்கும் கோட்டை மாட்டிக்கொண்டு போகத்தான் செய்தார்.

திருந்துவதற்கு வழியே இல்லாமல் இருந்ததா? இருந்தது. அதுதான் விஷயமே.

நிலம் வாங்கி வந்த மூன்றாம் வருஷம், ஹிசாயே ஹிரோஷிமாவிலிருந்த தன் அண்ணனுக்கு எழுதி ஒரு புத்தகம் வரவழைத்தாள். போற்றிப் பாடல், நூற்றிருபது வரியும், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் எப்படிச் சொல்லவேண்டும் என்ற குறிப்போடு. கப்பலில் இரண்டு மாதம் பயணம் செய்து வந்த புத்தகத்தை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து தொகுஜியின் கையில் கொடுத்தாள்.

"எனக்கெதுக்கு இது? ஓதுறவரு நீங்க. உங்ககிட்ட இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் புத்தகத்தைத் திறந்தார். இருபத்தொன்றாம் வரியைப் பார்த்தார். மூடிவிட்டார். அதற்குள் பதினோரு பேருக்கு மருந்து ஓதியாகிவிட்டது. பெண்கள் கூடவே ஓதப் பழகியிருந்தார்கள். புத்தகத்தின்படி ஓதினால், "போன தடவை வேற மாதிரில்ல ஓதினீங்க?" என்று பதினோரு வீட்டிலும் கேட்பார்கள். ஒரு மாதம் யோசித்தார். பிறகு ஹிசாயேயைச் சந்தையில் பார்த்தபோது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மியாகே-சான், மன்னிக்கணும். நீங்க குடுத்த புத்தகத்தைக் கறையான் தின்னுடிச்சு. மண் தரையில வச்சது என் தப்பு" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா" என்றாள். "கறையான் என்ன செய்யும், பாவம், அதுக்குப் பசி" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

புத்தகம் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. போர்க்காலத்தில் ஜப்பானிய எழுத்து வீட்டில் இருந்தாலே போலீஸ் வரும் என்றபோது எல்லோரையும் போல அவரும் புத்தகத்தைத் தகரத்தில் அடைத்து மாட்டுத் தொழுவத்தடியில் புதைத்தார். போர் முடிந்ததும் தோண்டி எடுத்து வெயிலில் காயவைத்தார். கறையான் தின்றுவிட்டதாகச் சொன்ன புத்தகத்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய ஆள் பிரேசில் முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்போது சாமியார் வருவதற்கு ஆறு வாரம் இருந்தது. ஜப்பான் போரில் தோற்ற பிறகு ஊருக்குத் திரும்பும் பேச்சு மெல்ல மெல்ல அடங்கி, எலும்பு இந்த மண்ணில்தான் என்று ஆகிவிட்டதால், கோயில் கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அதுவரை பள்ளிக்கூடக் கொட்டகையிலேயே பெரோபா மரத்தில் ஒரு புத்தர் மாடம் செய்து வைத்தார்கள். சாயங்காலம் தோறும் பெண்கள் அங்கே கூடி ஓதிப் பழகினார்கள். சாமியார் முன்னால் ஊரே ஒரே குரலில் ஓதவேண்டும் என்பது இசோபேயின் உத்தரவு.

"சாமி மட்டும் ஓதட்டுமே" என்று தொகுஜி சொல்லிப் பார்த்தார். "நாம கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா அதுவே மரியாதைதானே."

"இந்த மனுசனுக்கு அடக்கம் அளவுக்கு மிஞ்சிப் போச்சு" என்று இசோபே பக்கத்திலிருந்தவர்களிடம் சிரித்தார். "ஏன் எபாட்டா-சான், மத்த ஊருங்கள்ல சாவுக்குப் பாதிரியாரைக் கூப்பிட்டாங்களே, நாம கூப்பிட்டோமா? பள்ளிக்கூடத்துல சேர்க்கப் புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் பண்ணி வச்சோம், இல்லேங்கல. என் மகளே தெரெஸாதான். ஆனா சாவுன்னா நம்ம ஓதல்தான். அதை யாரு காப்பாத்தினது? அந்தச் சாமி பார்க்கட்டும். காட்டுல கெடந்த ஜனங்க இதை எப்படி வச்சிருக்குன்னு பார்க்கட்டும்."

அந்தத் தெரெஸாதான் தொகுஜிக்குப் பெரிய சோதனையாக வந்து வாய்த்தாள். கழுத்தில் சிலுவையும் கையில் பள்ளிக்கூட நோட்டுமாக, அறுபது வரியையும் போர்த்துகீசிய எழுத்தில் எழுதி, ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாத இளசுகள் எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். அவளுக்கு எதுவும் திருத்தமாக இருக்கவேண்டும்.

"மாமா, முப்பத்தாறாவது வரியை இழுத்துச் சொல்லணுமா, சட்டுனு வெட்டணுமா? அம்மா ஒரு மாதிரி சொல்றாங்க, அத்தை ஒரு மாதிரி சொல்றாங்க."

முப்பத்தாறாவது வரி நாடாப்புழுவுக்கான தூள்.

"இழுத்தே சொல்லும்மா" என்றார் தொகுஜி. அவள் நோட்டில் அந்த வரியின் மேல் ஒரு நீளக்கோடு போட்டுக்கொண்டாள்.

அந்த ஆறு வாரத்தில் மூன்று தடவை இசோபே வீட்டுக்குப் போனார், உண்மையைச் சொல்லிவிட. முதல் தடவை இசோபே தன் அப்பாவின் நினைவுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை விருந்தாளிகள் இருந்தார்கள். மூன்றாம் தடவை இசோபே தனியாக, சும்மாத்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன விஷயம்?" என்றார். தொகுஜி முட்டை வண்டி எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

சாமியார் ரியோஷுன் ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் முன்சீட்டில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்தது. கறுப்பு அங்கி முழுக்கச் செம்மண். கொட்டகை வாசலில் வரிசையாக நின்ற இருநூறு பேரைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிய ஆரம்பித்துவிட்டார். இசோபே பாதியில் தடுத்து உள்ளே அழைத்துப்போனார்.

"இவரு எபாட்டா-சான். இத்தனை வருஷமா எங்க சாமி இவருதான்."

இளைஞர் தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினார். "நாங்க செஞ்சிருக்க வேண்டியதை நீங்க செஞ்சிருக்கீங்க. எங்க மடத்துச் சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன்." தொகுஜிக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது. அவரும் குனிந்தார். நிமிரவே மனம் வரவில்லை.

மணி ஒலித்தது. ரியோஷுன் ஆரம்பித்தார். இருநூறு பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். முதல் வரியிலேயே சாமியாரின் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, இப்படி ஒரு ஓதலை அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு, மூன்று, பத்து, பதினைந்து. தொகுஜியின் வாய் ஓதியது, மனம் எண்ணியது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

இருபத்தொன்றாம் வரியில் சாமியார் ஒரு பக்கம் போனார், ஊர் ஒரு பக்கம் போனது.

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தவர்போல ரியோஷுன் இன்னும் நான்கு வரி ஓதினார். அவருடைய ஒற்றைக் குரலை ஊர் மூழ்கடித்தது. சூடு தணிக்கும் தூளை இருநூறு பேர் கண்மூடி உருகி ஓதிக்கொண்டிருந்தார்கள். சாமியார் நிறுத்தினார். கைகூப்பியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தொகுஜி மட்டும் கண்ணைத் திறந்தார். யார் யார் கவனித்துவிட்டார்கள் என்று பார்க்கத்தான். ஒருவரும் கவனிக்கவில்லை. பெண்கள் வரிசையில் மூன்றாவதாக ஹிசாயே உட்கார்ந்திருந்தாள். அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் பக்கத்திலிருந்தவர்களின் உதட்டோடு அது சேரவில்லை. அவர்கள் வாய் மூடும்போது அவள் வாய் திறந்தது. அவர்கள் இழுத்தபோது அவள் வெட்டினாள். சாமியார் நிறுத்திவிட்ட பிறகும், சத்தமே இல்லாமல், அவர் விட்ட இடத்திலிருந்து அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

தொகுஜிக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரியும். நூற்றிருபதும் தெரியும். முதல் நாளிலிருந்தே, தன் பிள்ளையின் பிணத்துக்கு முன்னாலேயே தெரியும்.

ஊர் அறுபது வரியை முடித்து, அமிதாபர் நாமத்தைச் சொல்லி ஓய்ந்தது. நாமத்துக்கு மட்டும் சாமியாரும் சேர்ந்துகொண்டார். பிறகு திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"இருபதாவது வரிக்கு அப்புறம் நீங்க ஓதினது எனக்குத் தெரியாத பாடமா இருக்கே. யாரு கத்துக்குடுத்தாங்க?"

இருநூறு பேரின் பார்வையும் பெருமையோடு தொகுஜி மேல் வந்து நின்றது.

"எங்க ஊர்ப்பக்கத்துப் பழைய பாடம்" என்றார் தொகுஜி. வாயிலிருந்து அது அவரைக் கேட்காமலே வெளியே வந்தது. இருபத்து நான்கு வருஷப் பழக்கம் சும்மா போகுமா?

ரியோஷுன் நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. அவர் கண்கள் பளிச்சிட்டன. அங்கிக்குள் கைவிட்டு ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். "நம்ம நாட்டுலயே அழிஞ்சுபோனது இங்க பிழைச்சிருக்குன்னா அது பெரிய விஷயம். மடத்துல பெரியவங்களுக்கு அனுப்பணும். ஒவ்வொரு வரியா நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சொல்லுங்க எபாட்டா-சான்" என்றார் இசோபே. அவர் குரல் தழுதழுத்தது. "நம்ம அகுவா லிம்பா பாடம் கியோட்டோ மடத்துக்கே போகுது."

தெரெஸா உதவிக்குத் தன் நோட்டை நீட்டினாள். தொகுஜி அதை வாங்கவில்லை. ஹிசாயேயைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சுவரைப் பார்த்ததுபோல, பெரோபா மர மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கறையான் கதையை விழுங்கிக்கொண்டவள் இதையும் விழுங்கிக்கொள்வாள்.

"இருபத்தொன்றாவது வரி" என்று ஆரம்பித்தார் தொகுஜி. ராகம் இல்லை, உருக்கம் இல்லை, சந்தையில் பேசுகிற குரல். "கரடிப்பித்த மாத்திரை. வயித்துவலிக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு."

பென்சில் நின்றது.

"அடுத்தது சூடு தணிக்கிற தூள். வெந்நீர்ல கலக்கிக் குடிக்கணும். அடுத்தது குழந்தைங்க பூச்சி மருந்து. அடுத்தது சீதபேதிக் குளிகை. எங்கப்பா மருந்து விக்கிறவரு. அங்க ஊர்ல உங்க எல்லார் வீட்டுலயும் உத்தரத்துல ஒரு மருந்துப்பொட்டி தொங்கியிருக்கும். அதுல ஒட்டியிருந்த பேருங்கதான் இது. எனக்கு இருபது வரிதான் தெரியும். அதுக்கு மேல தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்ல."

பின்வரிசையில் யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளியிருக்கவேண்டும், சிரிப்பு நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சாவை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எங்கப்பாவுக்கும் இதைத்தான் ஓதினீங்களா?" என்றார் இசோபே.

"ஆமா."

"ஏழாம் நாளுக்கும்? வருஷத்துக்கும்?"

"ஆமா இசோபே-சான். என் வீட்டுக்காரிக்கும் இதேதான்."

இசோபே எழுந்தார். அடிப்பார் என்றே தொகுஜி நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க தலையைத் தூக்கி எங்களைப் பாத்துப் பேசினீங்களே, இத்தனை வருஷமா" என்றார். அவ்வளவுதான். மகளின் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி, சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் திட்டவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாமியார் பென்சிலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தொகுஜி அவரைக் கும்பிட்டுவிட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். கோழிகளுக்கு எதுவும் தெரியாது என்பது ஒரு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலைத் தேடினோமே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

பிற்பகல், வெயில் தாழ்வதற்கு முன்னால், அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் புத்தகத்தை எடுத்தார். வழியில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹிசாயே வீட்டு வாசலில் வறுத்த காப்பிக்கொட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் துணியைப் பிரித்துப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, எடுத்து, நிதானமாகப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"கறையான் ஓரத்தைக்கூடத் தொடலையே" என்றாள்.

அவர் நெற்றியைத் தரையில் வைத்தார்.

"எந்திரிங்க. கோழி நடக்குற இடம்."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மியாகே-சான். ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"யாருகிட்ட? அன்னைக்கு உங்களை விட்டா ஆளில்ல. பொம்பளை ஓதுறேன்னா எவன் உட்கார்ந்து கேட்டிருப்பான்? அடுத்த சாவுக்குள்ள நீங்களே கத்துக்குவீங்கன்னு இருந்தேன். கத்துக்கல. மூஞ்சிக்கு நேரா சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு புத்தகத்தை வரவழைச்சுக் குடுத்தேன். அதுக்கு நீங்க கறையானைக் காட்டிட்டீங்க." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, இந்த மனுசன் இப்படித்தான்னு விட்டுட்டேன். நீங்க மருந்து சொல்லுவீங்க, நான் மனசுக்குள்ள அதை ஓதுவேன். நீங்க சீக்கிரம் முடிச்சிடுவீங்க. எனக்கு இன்னும் அறுபது வரி மிச்சம் இருக்கும். எல்லாரும் காப்பி குடிக்க எந்திரிச்சுப் போவீங்க. நான் உட்கார்ந்து முடிச்சிட்டு வருவேன்."

தொகுஜிக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு சாவிலும் கடைசியாக எழுந்தவள் அவள்தான். பிணத்தின் பக்கத்தில் தனியாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். பாவம், இன்னும் மகனை மறக்கவில்லை என்று பெண்கள் சொல்வார்கள். அவரும் பிங்கா சாராயக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம் என்று சொல்லியிருக்கிறார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். உங்க ஃபுமிக்கும்."

அவர் மூக்கைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் செத்த அறுபத்து மூன்று பேருக்கும் தானே போர்வை போர்த்தியதுபோல் காட்டிக்கொண்டு நின்றார், உண்மையில் போர்த்தியவள் பின்வரிசையில் இருந்தாள். அவருக்கு வந்த வணக்கமெல்லாம், முதல் வாழைத்தார், வருஷப் பிறப்பு அரிசிக்கட்டி, இன்று காலை அந்த இளம் சாமியார் தரையில் வைத்த நெற்றி, எல்லாமே திருட்டுச் சொத்து.

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன். நீங்க ஓதினீங்கன்னு. அவங்களுக்கும் மனசு ஆறும்."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். ஓடிப்போய்ச் சொல்லி நீங்க லேசாயிடப் பாக்காதீங்க." அவள் எழுந்து உள்ளே போனாள். "வாங்க இப்படி."

உள்ளே மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் செய்த மாடம். எண்ணெய்க் கம்பெனியின் எழுத்து ஒரு பக்கம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள் இரண்டு பெயர்ப் பலகை, புருஷனுடையது ஒன்று, சின்னதாக ஒன்று.

"எல்லாருக்கும் முடிச்சேன். என் பையனுக்கு மட்டும் அன்னைக்கு என்னால ஓத முடியல. நீங்க பூச்சி மருந்து சொன்னப்ப, ஐயோ, இந்த மருந்துப்பொட்டி ஒண்ணு நம்மகிட்ட இருந்திருந்தா காய்ச்சலுக்கும் எதையாவது குடுத்திருப்போமேன்னு நெனச்சேன். அதோட என் ஓதல் நின்னுபோச்சு. அப்புறம் எத்தனையோ தடவை தனியா ஓதியிருக்கேன். ஆனா அது வேற. அன்னைக்குள்ளது பாதியிலயே கெடக்கு. ஆரம்பிச்சவரு நீங்க. நீங்கதான் முடிக்கணும்."

"எனக்கு வாசிக்கக்கூட வராதே. தட்டுத்தடுமாறி..."

"தடுமாறுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். புத்தகத்தை மாடத்துக்கு முன்னால் விரித்தார். விரலை வைத்து எண்ணி இருபதைத் தாண்டினார். முதல் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பக்கத்துக் குறிப்பைப் பார்த்துப் பார்த்து, அந்த வரியை வாசித்தார். கல்லும் கரைகிற குரல் எங்கோ போய்விட்டது, கரகரத்த ஒரு கிழவனின் குரல்தான் வந்தது.

"இழுக்காதீங்க" என்றாள் ஹிசாயே பின்னாலிருந்து. "அங்க சட்டுனு வெட்டணும். திரும்ப."

அவர் விரலைப் பின்னுக்கு நகர்த்தி, மறுபடி இருபத்தொன்றாம் வரியிலிருந்து ஆரம்பித்தார்.